பழைய வீடுகளின் புறப்போர்வை

‘வேய்தல்’ என்னும் வினைக்குத் தமிழில் இரு பொருள் வழங்குகின்றன. வீட்டிற்குக் கூரை இடுதலும் வேய்தலே; தலையில் மலர் சூடுதலும் வேய்தலே. மனைக்கு மேல் இடுவதையும் மனிதர் தம்மேல் அணிவதையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி நம்முடையது. இன்று கட்டடப் பொறியியலார் ஒரு வீட்டின் கூரை, புறச்சுவர், சன்னல், கதவு ஆகியவற்றை ஒருசேர எண்ணி, அவற்றை வீட்டின் ‘உறை’ என்கின்றனர். நாம் அதனைப் புறப்போர்வை எனலாம். உடம்பிற்கு ஆடை செய்யும் பணியை வீட்டிற்கு இப்போர்வை செய்கிறது. பருவத்திற்கு ஒவ்வாத ஆடையை உடுத்தினால் உடம்பு படும் பாட்டை, ஒவ்வாத போர்வை போர்த்த வீட்டில் வாழ்வோர் படுகின்றனர்.

பழைய வீடுகளின் இப்போர்வையைச் செப்பனிட்டு மின்னாற்றலைச் சிக்கனப்படுத்துவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என மாணவர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

இரு கூரைகள், ஒரு வீடு

எங்கள் பூர்விக வீடு கடற்கரை ஊர் ஒன்றில் உள்ளது. அதன் முற்பகுதி பாட்டனார் காலத்தது. சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய தடித்த சுவர்களும், மர உத்திரங்கள் தாங்கும் தளமும், நடுவே முற்றமும் உடையது. பிற்பகுதி 1986-ஆம் ஆண்டு என் சாச்சா வளைகுடா நாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் கட்டப்பெற்றது. அது கான்கிரீட் தளம். கடல் கடந்து பொருளீட்டியோர் வாழும் ஊர்களில் இத்தகைய இரட்டை வீடுகளைப் பரவலாகக் காணலாம். முகப்பில் ஒரு காலம், கொல்லைப்புறத்தில் மற்றொரு காலம்.

உம்மாவிற்கு மூட்டுவலி வந்தபின், குளியலறை இணைந்த பின்னறையை அவருக்கென ஒதுக்கினோம். சித்திரை மாத இரவொன்றில் நான் விழித்துப் பார்த்தபோது, அவர் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தவாறு முன்கூடத்திற்கு வந்துகொண்டிருந்தார். காரணம் கேட்டேன். “அங்க மேலருந்து அனல் எறங்குது வாப்பா” என்றார். மணி அப்போது பன்னிரண்டைக் கடந்திருந்தது. கதிரவன் மறைந்து ஆறு மணி நேரம் ஆகியும் அனல் எங்கிருந்து இறங்கும் என்று நான் எண்ணினேன். கட்டில்மேல் ஏறித் தளத்தின் அடிப்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

மறுவாரம் ஒரு டன் குளிர்சாதனம் பொருத்தினோம். நள்ளிரவு வரை அது ஓயாது இரைந்தது, அறை குளிரவில்லை, மின்கட்டணம் மட்டும் உயர்ந்தது. பார்க்க வந்த மெக்கானிக், “மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். தளம் சூட்டை எறக்கிக்கிட்டே இருந்தா அது என்ன பண்ணும்?” என்று கேட்டுவிட்டுச் சென்றார். நூல்களைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது அவ்வினாவே.

முதலில் இரு தளங்களின் வேறுபாட்டைக் காண்போம். முன்கூடத்தின் தளம் ‘மதராஸ் டெரஸ்’ என்று பெயர் பெற்ற கட்டுமான முறையைச் சேர்ந்தது. மர உத்திரங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டமாக நெருக்கி நிறுத்துவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குல அளவிற்குப் பரப்புவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பல நாள் மரக்கட்டையால் தட்டித் தட்டி அதனை இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிப்பர். மேலே விழும் வெயில் அறையை அடைவதற்கு இத்தனை அடுக்குகளையும் கடந்தாக வேண்டும். சுட்ட மண்ணும் சுண்ணாம்பும் நுண்துளைகள் நிறைந்தவை. துளைகளில் தங்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை.

பின்னறையின் தளமோ ஐந்து அங்குலக் கான்கிரீட். தொடக்கத்தில் அதன்மேலும் சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்திருந்தனர். இடையில் ஒரு மழைக்காலத்தில் ஒழுகியபோது, அவற்றைப் பெயர்த்தெறிந்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சு மட்டும் பூசினோம். செலவு குறைவு, வேலை ஒரே நாளில் முடியும் என்று கொத்தனார் கூறியதற்கு நானே இசைந்தேன். போர்வையை உருவி எறிந்தது வேறெவருமல்லர்.

வெப்பம் வரும் வழி

நண்பகலில் தெளிந்த வானத்தின் கீழ், கிடைமட்டமான ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் அளவிற்குக் கதிரவனின் ஆற்றல் விழுகிறது. வெறும் கான்கிரீட் தளம் அதில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்கிறது. உள்வாங்கிய வெப்பம் உடனே கீழே இறங்குவதில்லை; மெல்ல மெல்லக் கனத்தினூடே கடந்து, சில மணி நேரம் தாழ்த்தே அடிப்புறத்தை அடைகிறது. வெளியே கடற்காற்று வீசிக் குளிரும் மாலையில்தான் உள்ளே தளம் சுடத் தொடங்கும். அதன்பின் அது இரவு முழுதும் கதிர்வீச்சாய்க் கீழே உள்ளோர் மேல் வெப்பத்தைப் பொழியும். மின்விசிறி காற்றை அசைக்குமேயன்றிக் கதிர்வீச்சைத் தடுக்காது. உம்மா கூறிய ‘அனல் இறங்குதல்’ இயற்பியல் நோக்கிலும் பிழையற்ற சொல்லாட்சியே.

ஒரு கூரையோ சுவரோ வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்பதை அளக்கப் பொறியியலார் ஓர் எண்ணைப் பயன்படுத்துவர். இருபுறத்திற்கும் ஒரு பாகை வெப்ப வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் கடந்து செல்லும் என்பதே அவ்வெண். வெறும் கான்கிரீட் தளத்திற்கு அது 3-க்கும் மேல். மத்திய அரசின் மின்துறை 2018-இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரைக்கு அவ்வெண் 1.2-ஐக் கடத்தலாகாது என வரையறுத்தது. ஆயின் அத்தொகுப்பு புதிதாகக் கட்டப்பெறும் பெரிய குடியிருப்புகளை நோக்கி எழுதப்பட்டது. ஏற்கெனவே எழும்பி நிற்கும் இலட்சக்கணக்கான கான்கிரீட் வீடுகளுக்கு எவர் விதி வகுப்பார்? வீட்டுக்குரியோர்தாம் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இதன் பொருளியல் பக்கம் சிறியதன்று. இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் 2019-இல் வெளியானபோது, நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடமே அறைக் குளிர்சாதனம் இருந்ததாகக் கூறிற்று. 2037-38-க்குள் குளிர்விப்புத் தேவை 2017-18-இல் இருந்ததைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்காகும் எனவும் மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024-ஆம் ஆண்டுக் கோடையில் 20,000 மெகாவாட்டைக் கடந்தது. வெயிலைக் கூரை வழியே தாராளமாக உள்ளே விட்டுவிட்டு, அதனை மின்சாரம் செலவிட்டு வெளியே இறைப்பது ஓட்டைப் படகில் நீர் இறைப்பதை ஒக்கும். ஓட்டையை அடைப்போர் இறைக்கும் வேலையில் பாதியேனும் மிச்சப்படுத்துவர்.

மேலை நாட்டு முயற்சி

பழைய வீடுகளுக்குப் புதுப்போர்வை இடும் இம்முயற்சி இயக்கமாக வளர்ந்தது ஐரோப்பாவில்தான். அங்கே சிக்கல் நமக்கு நேர்மாறானது. நாம் வெப்பம் உள்ளே வாராமல் தடுக்க வேண்டும். அவர்கள் உள்ளே மூட்டிய வெப்பம் வெளியேறாமல் காக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகரப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு கட்டடங்களிலேயே செலவாகிறது. ஆண்டுதோறும் அங்குள்ள கட்டடங்களுள் நூற்றுக்கு ஒன்றளவிலேயே ஆற்றல் நோக்கில் செப்பனிடப்பட்டு வந்தன. இந்நிலையை மாற்ற 2020 அக்டோபரில் ‘புதுப்பித்தல் அலை’ என்னும் திட்டத்தை ஒன்றியம் அறிவித்தது. 2030-க்குள் மூன்றரைக் கோடிக் கட்டட அலகுகளைச் செப்பனிடுவது அதன் குறிக்கோள். சுவரின் வெளிப்புறம் கனிமப்பஞ்சோ நுரைப்பலகையோ ஒட்டி, மேலே பூச்சிட்டு, ஒற்றைக் கண்ணாடிச் சன்னலை நீக்கி இரட்டைக் கண்ணாடி பொருத்துவது அங்கு வழக்கமான முறை.

அம்முயற்சிகளுள் என் மனத்தைக் கவர்ந்தது பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் நிகழ்ந்தது. அங்கே ‘கிராண்ட் பார்க்’ என்னும் பகுதியில் 1960-களில் கட்டப்பெற்ற அடுக்குமாடிகள் மூன்றில் 530 வீடுகள் இருந்தன. இவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே எளிது எனப் பலர் எண்ணுவர். லக்கத்தோன், வசால் என்னும் கட்டடக் கலைஞர் இருவரும் அவர்தம் தோழர்களும் இடிக்க மறுத்தனர். பழைய சன்னல்களை நீக்கி, ஒவ்வொரு வீட்டின் முன்னும் கண்ணாடி அடைப்புடைய ஆழமான தாழ்வாரம் ஒன்றைச் சேர்த்தனர். குளிர்காலத்தில் அத்தாழ்வாரம் வெயிலைப் பிடித்து வைத்து வீட்டிற்குக் கதகதப்பூட்டும். கோடையில் திறந்துவிடின் நிழல் தரும். வேலை நடைபெற்ற காலத்தும் குடியிருந்தோர் எவரும் வீட்டைவிட்டு வெளியேற்றப்படவில்லை. 2019-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த கட்டடக்கலைப் பரிசு இப்பணிக்கு வழங்கப்பெற்றது. உள்ளுமன்றிப் புறமுமன்றி இடைப்பட்டு நிற்கும் தாழ்வாரம் நமக்குப் புதிதன்று. நம் வீடுகளில் அதனை நாம் அடைத்துக்கொண்டிருக்கும் வேளையில் அவர்கள் புதிதாய்ச் சேர்க்கிறார்கள்.

லண்டனில் நேர்ந்தது

ஆயினும் எல்லா முயற்சியும் இவ்வாறு நன்மையில் முடியவில்லை. லண்டன் மாநகரின் கிரென்ஃபெல் கோபுரம் 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட 24 மாடிக் குடியிருப்பு; பெரும்பாலும் எளிய மக்களும் குடியேறிகளும் வாழ்ந்தது. குளிர் தாங்கவும் தோற்றப்பொலிவு பெறவும் அதன் புறச்சுவர்கள் செப்பனிடப்பட்டன. 2016-இல் பணி முடிந்தது. சுவரின்மேல் வெப்பத்தடுப்பு நுரைப்பலகை, அதன்மேல் சிறு காற்றிடைவெளி, அதன்மேல் இரு அலுமினியத் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் வைத்த கூட்டுப்பலகை என்பது அப்போர்வையின் அமைப்பு. நுரையும் எரியக்கூடியது, பலகையின் நடுவிலிருந்த பிளாஸ்டிக்கோ அதனினும் கடுமையாக எரியக்கூடியது.

2017 ஜூன் 14-ஆம் நாள் பின்னிரவில், நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் குளிர்பதனப் பெட்டியருகே பற்றிய தீ சன்னல் வழியே வெளிப்போர்வையைத் தொட்டது. அதன்பின் அது கோபுரத்தின் உச்சிவரை ஏறிற்று. 72 பேர் மாண்டனர். அது ரமளான் மாதம். ஸஹர் உணவிற்காக விழித்திருந்த குடும்பத்தினர் சிலர் தீயைக் கண்டு அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்பியதாக அந்நாளைய செய்திகள் கூறின. விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. அவ்விறப்புகள் அனைத்தும் தவிர்த்திருக்கக்கூடியவை என்று குழுவின் தலைவர் கூறினார்.

இச்செய்தியை ஈண்டு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்க் கடைத்தெருவில் பழைய கட்டடங்களுக்கு ‘எலிவேஷன்’ மாற்றுவதாகக் கூறி, அலுமினியக் கூட்டுப்பலகைகளைச் சன்னலையும் மறைத்துப் பொருத்தும் வழக்கம் பெருகியுள்ளது. ஏ.சி.பி. ஷீட் என்பது அதன் வழக்குப் பெயர். எல்லாக் கூட்டுப்பலகையும் ஒரு தன்மையதன்று. நடுவில் உள்ள பொருள் எரியாக் கனிமமா, வெறும் பிளாஸ்டிக்கா என்று கேட்டு, அதற்குரிய சான்றைப் பார்க்காமல் எவரும் அதனைத் தம் கட்டடத்தில் ஏற்றலாகாது. அழகிற்கென ஏற்றப்படும் அப்பலகை வெயிலைத் தடுக்கும் பணியையும் பெரும்பாலும் செய்வதில்லை.

எரியாமலே கெட்ட வீடுகளும் அந்நாட்டில் உள. அரசுத் திட்டங்களின்கீழ் வெளிச்சுவரில் வெப்பத்தடுப்பு ஒட்டப்பட்ட வீடுகளை ஆராய்ந்த பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம், அவற்றுள் 98 விழுக்காட்டில் திருத்தியே ஆகவேண்டிய பெருங்குறைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகள் அவை. இத்தகைய வேலையில் மூட்டுகள் சரிவர அடைக்கப்படாவிடின் மழைநீர் போர்வைக்குள் புகும். புகுந்த நீர் வெளியேற வழியின்றிச் சுவரில் ஓதமும் பூஞ்சையும் படரும். ஆற்றலை மிச்சப்படுத்தும் எண்ணம் நல்லது. அளவெடுக்காமல் தைத்த சட்டை அது.

கூரைக்குச் செய்யத்தக்கன

இனி நம் நாட்டிற்கு வருவோம். நம் நிலநடுக்கோட்டு அண்மையே நம் வழியைத் தீர்மானிக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரியிலும், அதே மாத இறுதி வாரத்தில் சென்னையிலும் கதிரவன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கிறது. எனவே கோடையில் நம் வீட்டின் புறப்போர்வையில் மிகுதியாகக் காய்வது கூரையே. அடுத்தது மேற்குச்சுவரும் கிழக்குச்சுவரும். ஐரோப்பியரைப் பின்பற்றி நான்கு சுவர்களுக்கும் நுரை ஒட்டப் புறப்படுவது நமக்குப் பொருந்தாது. கையில் உள்ள பணத்தை முதலில் கூரையில் இடுதல் வேண்டும்.

கூரையில் முதல் வேலை ஒழுக்கை நிறுத்துவதே. ஈரம் புகுந்த தளத்தின் மேல் எந்தப் போர்வை இட்டாலும் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் அது இன்னும் விரைந்து நிகழும். வெடிப்புகளைக் கீறி அடைத்து, நீர்வாட்டம் சரிசெய்து, நீர் தேக்கி வைத்துச் சோதித்த பின்னரே அடுத்த வேலை.

மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியது வெள்ளையடித்தல். புதிதாய் வெள்ளையடித்த பரப்பு தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ எழுபது விழுக்காட்டையோ அதற்கு மேலுமோ திருப்பி அனுப்பிவிடும். வெப்பத்தை உள்ளே விட்டுத் தடுப்பதினும் உள்வாங்காமலே விடுவது மேலன்றோ. அகமதாபாத் மாநகராட்சி தன் வெப்பத் தடுப்புத் திட்டத்தில் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதைச் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா மாநிலம் 2023-இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. சுண்ணாம்பு பூசினால் மழையில் கரையும். தூசு படிந்தால் திறன் குறையும். ஆகவே ஆண்டுதோறும் தை, மாசித் திங்களில் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். கடைகளில் விற்கும் கூரைப்பூச்சுகள் சில ஆண்டு நீடிக்கும், விலை கூடுதல். பொட்டலத்தில் ‘வெள்ளை’ என்று எழுதியிருப்பதைப் பாராமல், எதிரொளிக்கும் அளவு எத்தனை என்று கேட்டு வாங்குதல் நலம். தகரக் கூரையின்கீழ் வாழும் குடும்பங்களுக்கு வெள்ளையடித்தலைப் போல் உடனே பயன் தருவது வேறில்லை எனலாம்.

இரண்டாவது, அடுக்கு சேர்த்தல். மீண்டும் செங்கல் ஜல்லிச் சுருக்கியும் தட்டோடும் இடலாம். வெப்பத்தடுப்புப் பலகையைத் தளத்தின் மேற்புறம் பதித்து, அதன்மேல் கலவையும் ஓடும் இடலாம். கான்கிரீட்டினும் ஏறத்தாழ 40 மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்துவது நுரைப்பலகை. ஆதலால் இரண்டு அங்குலமே பெரும்பயன் தரும். அப்பலகையைத் தளத்தின் கீழ்ப்புறம், ‘ஃபால்ஸ் சீலிங்’ என்னும் பொய்க்கூரைக்குள் வைப்போர் உண்டு. அவ்வாறு வைத்தால் கான்கிரீட் முழுதும் வெயிலில் காய்ந்து விரிந்து சுருங்கி வெடிப்பது நில்லாது. தீப்பற்றக்கூடிய பொருளை அறைக்குள் வைத்ததாகவும் ஆகும். மேற்புறத்தில் ஓட்டின் அடியில் வைப்பதே முறை.

எடையைப் பற்றியும் ஒரு சொல். மூன்று அங்குலச் சுருக்கி ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவிற்கும் மேற்பட்ட பாரத்தை ஏற்றும். நாற்பது ஆண்டு கடந்த தளமோ, கறையான் கண்ட உத்திரமோ அதனைத் தாங்குமா என்று பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் இறங்கலாகாது. தாங்காது என்றால், தளத்திற்கு மேலே காற்று புகும் இடைவெளி விட்டு நிழற்பந்தல் அமைக்கலாம். வெயில் பந்தலோடு நின்றுவிடும்; சூடேறிய காற்று பக்கவாட்டில் கலைந்துவிடும். கீற்றுப் பந்தல் குளிர்ச்சியானதாயினும் தீக்கும் புயலுக்கும் அஞ்ச வேண்டியது.

சுவர் மூச்சு விடட்டும்

பழைய சுண்ணாம்புச் சுவரைப் பற்றி எழுதும்போது என் தவற்றை மறைப்பதற்கில்லை. 2009-இல் எங்கள் முன்கூடத்துப் புறச்சுவரில் காரை அங்கங்கே உதிர்ந்தது. அதனை முழுதும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சும், அதன்மேல் நீர் புகாத வண்ணப்பூச்சும் பூசச் சொன்னேன். ஈராண்டு வரை சுவர் புதுமணப்பெண் போல் பொலிந்தது. மூன்றாம் ஆண்டு உட்புறத்தில் முழங்கால் உயரத்திற்கு ஓதம் ஏறிற்று, உப்புப் பூத்தது, பூச்சு பொரிந்து உதிர்ந்தது. அதற்குமுன் அச்சுவரின் உட்புறத்தில் ஓதம் இருந்ததேயில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு அடுக்குப் பெரும்பாலும் இராது. நிலத்தின் ஈரம் சுவரில் மேலேறும். சுண்ணாம்புக் காரை அதனை வெளிப்புறமாக ஆவியாக்கி விட்டுவிடும். சுவர் மூச்சுவிடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதனையே. சிமெண்டும் நீர்புகாப் பூச்சும் அம்மூச்சை அடைத்துவிடுகின்றன. வெளியேற வழியற்ற ஈரம் உள்ளே திரும்புகிறது. ஈரச்சுவர் உலர்ந்த சுவரினும் எளிதாக வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே அழகும் கெட்டு, குளிர்ச்சியும் கெட்டது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே தகும். மேற்குச்சுவர் காய்ந்தால், அதன்மேல் எதனையும் ஒட்டாமல், சற்றுத் தள்ளி மரமோ கொடிப்பந்தலோ மூங்கில் தட்டியோ நிறுத்தி நிழல் செய்யலாம்.

சன்னலும் முற்றமும்

சன்னலுக்குத் தமிழில் ‘காலதர்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று நடக்கும் வழி என்பதே சன்னலின் இலக்கணம். சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதை, வேனிற்பள்ளி எனவும் கூதிர்ப்பள்ளி எனவும் பருவத்திற்கேற்ற இருவகைப் படுக்கையிடங்களைக் குறிப்பிடுகிறது. கூதிர்ப்பள்ளிக்குச் சிறிய சன்னல்கள் என்பதும் அதனால் அறியப்படும். பருவத்தை எண்ணித் திறப்பை அளந்தவர் வழிவந்த நாம், இன்று மரச் சன்னலைக் கழற்றிவிட்டு நகரும் கண்ணாடிச் சன்னல் பொருத்துகிறோம். அது பாதியே திறக்கும். மீதிப் பாதியில் காற்று வாராது, வெயில் மட்டும் வரும். கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயிலை உட்புறத் திரைச்சீலை திருப்பி அனுப்புவது சிறிதளவே. வெளியிலேயே மறைப்பு வேண்டும்: அகன்ற சன்ஷேடு, பலகைக் கதவு, தட்டி எதுவாயினும் சரி.

முற்றத்தையும் நாங்கள் விட்டு வைக்கவில்லை. மழைச்சாரல் அடிக்கிறது என்று ஃபைபர் தகடு போட்டு மூடினோம். முற்றம் சூடேறிய காற்றை மேலே விட்டுக் குளிர்ந்த காற்றைக் கீழே இழுக்கும் புகைபோக்கி போன்றது. மூடிய பின் கூடத்துக் காற்று அசைவற்று நின்றது. பகலில் வெளியே செல்வோர் இதனை உணர்வதில்லை. பகல் முழுதும் வீட்டிலிருப்போர் பெண்டிரும் முதியோரும் கைக்குழந்தைகளுமே. அடுப்பு வெப்பத்தோடு கூரை வெப்பத்தையும் சுமப்போர் அவர்கள். வீடு கட்டுவது பற்றியும் மாற்றுவது பற்றியும் முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்கள் பெரும்பாலும் அமர்த்தப்படுவதில்லை. எங்கள் வீட்டிலும் எவரும் உம்மாவைக் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு தை மாதம், பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்னபடி, பின்னறைத் தளத்தின் சிமெண்டுப் பூச்சை எடுத்துவிட்டு வெடிப்புகளை அடைத்தோம். நுரைப்பலகை பதித்து, கலவை போட்டு, தட்டோடு பரப்பி, மேலே வெள்ளையடித்தோம். முற்றத்துத் தகட்டை நீக்கிக் கம்பி வலை மட்டும் வைத்தோம். அவ்வாண்டுச் சித்திரையில் குளிர்சாதனம் படுக்கும்போது ஒரு மணி நேரம் ஓடினால் போதுமானதாயிற்று. பல இரவுகளில் அதனைப் போடவே இல்லை. உம்மாவின் பாய் பின்னறையிலேயே இருக்கிறது. முன்கூடத்துச் சுவரின் சிமெண்டை நீக்கிச் சுண்ணாம்பு பூசும் வேலை மட்டும் எஞ்சியுள்ளது. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடி மூன்று ஊர் அலைந்த பின் ஒருவர் கிடைத்தார். எழுபது வயது கடந்தவர். சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்துக் குழைக்க வேண்டும், கூட இரண்டு இளைஞர் வேண்டும், தம் மக்கள் இவ்வேலைக்கு வருவதில்லை என்றார். நம் கல்லூரி மாணவர் இருவர் விடுமுறையில் உடனிருந்து கற்றுக்கொள்ள இசைந்துள்ளனர். தை பிறந்ததும் வேலை தொடங்குகிறது.